முடிவுப் பலகைக்கு இடமில்லை

கரையாம்புத்தூருக்குப் போகும் சாலையில், ஓடையின் குறுக்கே புதிய சிறுபாலம் கட்டி முடித்து, கைப்பிடிச் சுவருக்குக் கறுப்பும் வெள்ளையும் அடித்து, அந்தச் சுவரில் யாரோ தங்கள் தலைவருக்குப் பிறந்தநாள் வாழ்த்தும் எழுதியாகிவிட்டது. ஆனால் வேலை முடியவில்லை. பாலம் முடிவது வேறு, வேலை முடிவது வேறு. இந்த வித்தியாசம் கலீலுல்லாவுக்கு அப்போது தெரியாது. அவர் டீக்கடைக்காரர். டீயை ஆற்றிக் கிளாசில் ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்.

அவர் கடை பாலத்துக்கு இந்தப் பக்கம், தூங்குமூஞ்சி மரத்தடியில் இருக்கிறது. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, ஒரு பாய்லர். கடைக்குப் பின்னாலேயே வீடு. மனைவி ஜெஸிமா மௌத்தான பிறகு வீட்டில் அவர் ஒருவர்தான். அதனால் தூங்குகிற நேரம் தவிர அவர் வீட்டுக்குள் போவதே இல்லை. கடையில் பஸ் நிற்கும், கரும்பு லாரி நிற்கும், யாராவது வந்து பெஞ்சில் உட்கார்ந்து யாரையாவது திட்டுவார்கள். மின்சார வாரியத்தை, மருமகளை, மழையை. கலீலுல்லா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். ஆறு நாள் அப்படி ஓடிவிடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடித்துத் திரும்பிவந்து, சட்டையைக்கூட மாற்றாமல் சாலையைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். மதகடிப்பட்டில் கட்டிக்கொடுத்த மகள் ஃபைஜா அந்த மதிய பஸ்ஸில் வருவாள். கையில் தூக்குச் சட்டி இருக்கும். பஸ் கரையாம்புத்தூர் போய் நின்று திரும்பி வருகிற வரைக்கும் அப்பனும் மகளும் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த ஒரு பஸ்ஸுக்காகத்தான் மனிதர் மற்ற நாட்களில் அடுப்பு மூட்டினார் என்று சொன்னால் மிகையில்லை.

பாலம் கட்ட ஆட்கள் வருவதற்கு முன்பே பலகைகள் வந்துவிட்டன. லாரி நிறைய வந்தன. ‘மெதுவாகச் செல்லவும்’, ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள்’, ‘சாலை மூடப்பட்டுள்ளது’, ‘மாற்றுப்பாதை’, ‘அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்’. வருந்துகிற பலகைதான் எல்லாவற்றிலும் பெரியது. மதகடிப்பட்டு பக்கமிருந்து வரும் வண்டிகளைப் பாலத்துக்கு முன்பே, சாலை பிரியும் முக்கூட்டிலேயே ஏரிக்கரைச் சாலைக்குத் திருப்பிவிட்டார்கள். பஸ்ஸும் அதிலே போயிற்று. பாலம் கட்டுகிற வரைக்கும்தானே என்று கலீலுல்லா பொறுத்துக்கொண்டார். கொத்தனார்களும் சித்தாள்களும் இருந்தவரை வியாபாரத்துக்கும் குறைவில்லை. பிறகு பாலம் முடிந்தது, அவர்கள் போய்விட்டார்கள், பலகைகள் போகவில்லை.

சாலைப் பணி எச்சரிக்கைப் பிரிவின் பொறியாளர் தமிழ்க்குமரன் ஒருநாள் ஜீப்பில் வந்து பலகைகளைத் துடைக்கச் சொல்லி நின்றுகொண்டிருந்தார். கலீலுல்லா டீயோடு போனார்.

“சார், பாலம்தான் முடிஞ்சிட்டுதே. பஸ்ஸ எப்ப சார் இந்த வழியா வுடுவாங்க?”

“யார் சொன்னது முடிஞ்சிட்டுதுன்னு?”

“தோ, பாலம் கண்ணுக்கு முன்னாடி நிக்குதே சார்.”

தமிழ்க்குமரன் பரிதாபமாகச் சிரித்தார். “பாய், பாலம் இருக்கிறது எவிடென்ஸ் கிடையாது. எங்க துறைக் கையேடு இன்னா சொல்லுது? பணி எங்க முடியுதோ அங்க ‘பணி முடிவு’ன்னு ஒரு பலகை நிக்கணும். அந்தப் பலகை நின்னாத்தான் பணி முடிஞ்சதா அர்த்தம். அது நிக்கல. அப்ப பணி நடந்துனு இருக்கு.”

“அத்த ஒண்ணு நட்டுட வேண்டியதுதானே சார்?”

“எங்க நடுறது?” என்று பொறியாளர் பாலத்துக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். கலீலுல்லாவுக்கு அங்கே வேர்க்கடலை போட்ட ஒரு மணிலாக் கொல்லைதான் தெரிந்தது. பொறியாளருக்குத் தமிழ்நாடு தெரிந்தது.

இந்தப் பக்கத்தில் புதுச்சேரியும் தமிழ்நாடும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. ஒருவருக்கு வாசல் இங்கே, கிணறு அங்கே. மேயப் போகிற மாடு பொழுது சாய்வதற்குள் பலமுறை மாநிலம் மாறிவிட்டு வரும். இந்தப் பக்கம் குடித்துவிட்டு அந்தப் பக்கம் போய் விழுகிறவர்களுக்கு எல்லை துல்லியமாகத் தெரியும். மற்றவர்கள் அதைப் பற்றி நினைப்பதில்லை. பாலத்தைத் தாண்டியதும் சாலையில் ஒரு துண்டு மட்டும் தமிழ்நாடு. அதற்கப்பால் முக்கூட்டு வரை மறுபடியும் புதுச்சேரி. கையேட்டில் சொன்ன தூரத்தை நாடா வைத்து அளந்தால் முடிவுப் பலகை சரியாக அந்தத் துண்டின் நடுவில் போய் நிற்கிறது.

“கொஞ்சம் இப்படி முன்னாடி வச்சா இன்னா சார்?”

“வேல முடியறதுக்கு முன்னாடியே முடிஞ்சதா ஆகிடும். மோசடி.”

“கொஞ்சம் அப்பால தள்ளி, நம்ம எல்லைக்குள்ள?”

“அப்ப நடுவுல இருக்கிற தமிழ்நாட்டையும் நாங்க தோண்டினதா ஆகிடும். ஆக்கிரமிப்பு.” தமிழ்க்குமரன் டீயைக் குடித்து முடித்தார். “பாய், எங்களுக்கு ரோடு முக்கியமில்ல. ரோட்டுல போறவன் பத்திரம்தான் முக்கியம். அதுக்காக எத்தன வருஷம் ரோட்ட மூடி வைக்கணும்னாலும் நாங்க தயார்.”

இப்படித்தான் அந்தச் சாலைக்கு ஒரு தொடக்கமும் முடிவில்லாத ஒரு வேலையும் கிடைத்தன.

பலகை இருக்கும் இடத்தில் கொடி காட்ட ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பதும் கையேடு. அதற்காக அரிகரன் என்பவரை நியமித்திருந்தார்கள். கலீலுல்லா வயதுதான். ஒரு நூற்பாலையில் வேலை பார்த்து, ஆலை மூடியதும் வெகுகாலம் சும்மா இருந்து, பிறகு கிடைத்த வேலை இது. பாலத்தின் அந்தக் கோடியில் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் வைத்துக்கொண்டு நிற்பார். உட்காரக்கூடாது. இடத்தைவிட்டு அசையக்கூடாது. வண்டி வந்தால் சிவப்பைக் காட்டி நிறுத்தி, இரு பக்கமும் பார்த்து, பச்சையைக் காட்டி அனுப்ப வேண்டும். மூடிய சாலையில் வண்டி வராது என்பது கையேட்டில் இல்லை.

முதல் சில நாள் இரண்டு பேரும் பாலத்தின் இரண்டு கோடியிலிருந்தும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு பார்ப்பதற்கு ஆளில்லை. ஒருநாள் கலீலுல்லா ஒரு கிளாஸ் டீயை எடுத்துக்கொண்டு பாலத்தில் நடந்தார். அரிகரன் சட்டென்று சிவப்பை உயர்த்தினார்.

“நில்லுங்க பாய்!”

“டீ அரிகரன்.”

“எதா இருந்தாலும் நில்லுங்க. வேலைப் பகுதிக்குள்ள எது நகர்ந்தாலும் போக்குவரத்துதான். ஃபோட்டோ புடிச்சி அனுப்பணும். போன வாரம் ஒரு ஆட்ட கொடி காட்டாம வுட்டுட்டேன்னு விளக்கம் கேட்டுட்டாங்க. இந்த வேலையும் போச்சின்னா இந்த வயசுல நான் எங்க போவேன்?”

கலீலுல்லா நின்றார். அரிகரன் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். இரு பக்கமும் வெயில்தான் இருந்தது. பிறகு செல்பேசியில் படம் எடுத்துவிட்டுப் பச்சையைக் காட்டினார். டீ போய்ச் சேர்ந்தது.

அன்றிலிருந்து காலையும் மாலையும் இது நடந்தது. கிளம்புவதற்கு முன் கலீலுல்லா கடை வாசலில் நின்று அந்தக் கொடியைப் பார்ப்பார். சிவப்பு ஏறும். நிற்பார். பச்சை ஏறும். நடப்பார். முதலில் எரிச்சலாக இருந்தது. போகப் போக, நாம் அடி எடுத்து வைப்பதை ஒருவர் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்குப் பிடித்துப்போயிற்று. அரிகரன் டீயை மெதுவாகக் குடிப்பார். கிளாசைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் வெறும் கிளாசை வைத்துக்கொண்டு பேசுவார்.

“ஒரே ஒரு வண்டி பாய். ஒரு லாரியோ பஸ்ஸோ. நான் கொடி காட்டி, அது பிரேக் அடிச்சி நிக்கணும். அத்த ஒருவாட்டி பாத்துட்டா போதும்.”

“எனக்கும் ஒரு பஸ்ஸுதான் அரிகரன்,” என்பார் கலீலுல்லா.

பஸ் ஏரிக்கரையில் நிற்க ஆரம்பித்த பிறகும் ஃபைஜா வந்தாள். அங்கே இறங்கி, வரப்பில் நடந்து, வெயிலில் முகம் சிவந்து வந்துசேர்ந்தபோது கடையைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தது. கடை வேலைப் பகுதிக்குள் வருகிறதாம். உள்ளே வருகிறவர்கள் தலைக்கவசமும் ஆரஞ்சு மேல்சட்டையும் அணிய வேண்டும். பாலத்தின் கோடியிலிருந்து அரிகரன் இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினார்.

“வாணாம்மா! உள்ள வராத! ஃபோட்டோவுல வந்துடுவ! எனக்கு வேல போயிடும்மா!”

ஃபைஜா நாடாவுக்கு வெளியே நின்றாள். “அத்தா, இன்னா இது?”

“வேல நடக்குதாம்மா.”

“எங்க நடக்குது?”

அத்தாவுக்குக் கைகாட்ட ஓர் இடமும் கிடைக்கவில்லை. ஒரு பெஞ்சைத் தூக்கி நாடாவை ஒட்டி வெளியே போட்டார். அதில் அவள் உட்கார்ந்தாள். இவர் உள்ளே இன்னொரு பெஞ்சில் உட்கார்ந்தார். தூக்குச் சட்டியை நாடாவுக்கு மேலாக வாங்கிக்கொண்டார். நெய்ச்சோறும் தாளிச்சாவும். அவர் இரண்டு கவளம் சாப்பிடுவதற்குள் ஃபைஜா எழுந்துவிட்டாள். மறுபடி வரப்பு வழியாக நடந்து ஏரிக்கரைக்குப் போனால்தான் திரும்புகிற பஸ் கிடைக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிடுவார்கள். வந்த நேரமெல்லாம் நடைக்கே போயிற்று.

இரண்டு மூன்று வாரம் அப்படி வந்தாள். பிறகு போன் வந்தது. வெயில் தாழட்டும் அத்தா என்றாள். மகளைக் குற்றம் சொல்ல முடியுமா? கலீலுல்லா அந்த வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்குப் போய்வந்து, சட்டையை மாற்றாமல், வண்டி வராத சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மகள் வராததைச் சொல்ல ஆளில்லை. அரிகரனிடம் சொல்லலாம் என்று எழுந்தால் சிவப்பு ஏறியது, ஒரு நாய் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தது.

பணி முடிவுப் பலகைக்காக இரு மாநிலக் கூட்டு ஆய்வு ஒன்று நடந்தது. இந்தப் பக்கம் தமிழ்க்குமரன், அந்தப் பக்கம் உலகநாதன் என்கிற அதிகாரி. இருவரும் எல்லையில் ஆளுக்கொரு நாற்காலி போட்டுக்கொண்டார்கள். நாற்காலியின் கால் எல்லையைத் தாண்டாதபடி ஓர் ஊழியர் பார்த்துக்கொண்டார். கலீலுல்லா டீ கொண்டுபோனார். ஒரு தட்டில் கொண்டுபோன டீயை இரண்டு மாநிலத்துக்கும் கொடுத்தார். அன்று நடந்ததில் ஒழுங்காக முடிந்த காரியம் அது ஒன்றுதான்.

“பலகை வையுங்க, நாங்க வேணாம்னு சொல்லல,” என்றார் உலகநாதன். “ஆனா ‘பணி முடிவு’ன்னு எங்க மண்ணுல பலகை நின்னா, எங்க மண்ணுல பணி நடந்திருக்கணும். நடக்காத பணி எப்படிங்க முடியும்? நாளைக்குத் தணிக்கையில கேட்டா நான் என்ன சொல்றது?”

“கரெக்ட்,” என்றார் தமிழ்க்குமரன். எதிர்த்தரப்பில் இப்படி ஓர் அறிவாளியைப் பார்த்ததில் அவருக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. “அப்ப நீங்களும் ஒரு பணி செய்யுங்க.”

“எங்க பக்கம் ரோடு நல்லா இருக்கே.”

“அதனால என்ன?”

மறுவாரம் தமிழ்நாட்டுப் பக்கம் சாலையின் ஓரமாக ஒரு பள்ளம் தோண்டினார்கள். ஒரு தென்னங்கன்று நடலாம், அவ்வளவுதான் அளவு. பணி நடந்துவிட்டது. இனி முடிவுப் பலகை வைக்கலாம் என்று கலீலுல்லா நினைத்தார். ஆனால் பள்ளம் என்றால் பள்ளத்துக்கும் எச்சரிக்கை வேண்டும், பள்ளத்துக்கும் முடிவு வேண்டும். உலகநாதனின் ஆட்கள் தங்கள் கையேட்டின்படி நாடா பிடித்து அளந்தார்கள். அவர்களுடைய முடிவுப் பலகை பாலத்தைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் வந்து, கலீலுல்லாவின் பாய்லர் இருக்கும் இடத்தில் நின்றது.

“எங்க மண்ணுல உங்க பணி முடியணும்னா,” என்று தமிழ்க்குமரன் ஆரம்பித்தார்.

“சார், பாய்லர் சூடா இருக்கு, தள்ளி நில்லுங்க,” என்றார் கலீலுல்லா.

அதற்கப்புறம் இது ஒரு குழுவின் ஆய்வுக்குப் போயிற்று. பள்ளம் அப்படியே இருந்தது. எச்சரிக்கைப் பலகைகள் மட்டும் இரட்டிப்பாயின. பள்ளத்தை மூடினால் நடந்த பணி நடக்காததாகிவிடும் என்று உலகநாதன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இதற்கிடையே இன்னொரு சிக்கல். ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ என்று பலகை சொல்கிறது, ஆனால் படத்தில் ஆட்களும் இல்லை, வேலையும் இல்லை என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. பலகை பொய் சொல்லக்கூடாது. அதை எடுக்கவும் வழியில்லை, ஏனென்றால் பலகையை எடுப்பதும் சாலையில் செய்கிற ஒரு வேலை, அதற்கு முன்னெச்சரிக்கைப் பலகைகள் வைக்க வேண்டும். தமிழ்க்குமரன் யோசித்துக்கொண்டே சுற்றும்முற்றும் பார்த்தார். வேலைப் பகுதிக்குள் வேலை செய்துகொண்டிருந்த ஒரே ஆள் கலீலுல்லா. அவருக்கு ஆரஞ்சு மேல்சட்டையும் மஞ்சள் தலைக்கவசமும் மாட்டி, டீ ஆற்றும்போது படம் எடுத்து அனுப்பினார்கள். மேலிடம் திருப்தி அடைந்தது. ‘ஆட்கள்’ என்று பன்மையில் இருக்கிறதே என்று யாரோ கேட்டதற்கு, மரியாதைப் பன்மை என்று விளக்கம் போயிற்றாம். கவசத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், அவர்களிடம் இருந்ததே அது ஒன்றுதான். மேல்சட்டை மட்டும் அவரிடமே தங்கியது.

சாலைப் பாதுகாப்பு விழாவையும் அங்கேயே கொண்டாடினார்கள். சாமியானா போட்டு, வாழை கட்டி, ஒலிபெருக்கி வைத்தார்கள். பெரிய அதிகாரி ஒருவர் ஏரிக்கரை வழியாக வந்து, தலைக்கவசத்தோடு மேடை ஏறினார். மாவட்டத்திலேயே சிறந்த பணிப்பகுதி என்று இந்த இடத்துக்குக் கேடயம் வந்திருந்தது.

“இந்த இடத்தில் இதுவரை ஒரு விபத்துகூட நடக்கவில்லை,” என்று அவர் உணர்ச்சியோடு பேசினார். “எப்படி? ஒரு வண்டிகூட வரவில்லை. வண்டி வராத சாலையில் விபத்து வராது. இதை நாம் மற்ற சாலைகளுக்கும் படிப்படியாகக் கொண்டுபோக வேண்டும். மக்கள் சாலை கேட்கிறார்கள். கேட்கட்டும். உயிர் போனால் வருமா? பலகை போனால்கூட மறுபடி டெண்டர் விட வேண்டியிருக்கிறது! ஒரு சாலையின் அழகு அதில் போகிற வண்டிகளில் இல்லை, அதில் நிற்கிற பலகைகளில் இருக்கிறது. பத்து வருடம் கழித்து இந்தச் சாலை இருக்கிறதோ இல்லையோ, இந்தப் பலகைகள் இருக்கும்.”

கைதட்டினார்கள். கூட்டம் என்பது அலுவலக ஊழியர்கள்தான். ஊர்க்காரர்களை நாடாவுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள், அவர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். கலீலுல்லா டீ கொடுக்கும்போது பெரிய அதிகாரியிடம் மெதுவாகக் கேட்டார்.

“ஐயா, வெள்ளிக்கிழம மதியம் ஒரு பஸ்ஸு மட்டும். எம் பொண்ணு வர்றதுக்கு.”

பெரிய அதிகாரி அவருடைய தோளில் கைவைத்தார். மேல்சட்டையில் ஒளிரும் பட்டையைத் தடவிப் பார்த்தார். “நல்ல குவாலிட்டி,” என்றார்.

விழா முடிந்து சாமியானாவைப் பிரித்துக்கொண்டு போன பிறகு இருந்த அமைதி, விழாவுக்கு முன்பிருந்த அமைதியைவிட மோசமாக இருந்தது. நாற்காலி போட்ட இடமெல்லாம் புல் மடங்கிக் கிடந்தது. அந்த வாரம் ஃபைஜா போனில், “இந்த வெள்ளி வர்றேன் அத்தா. ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன்” என்றாள். என்ன ஏற்பாடு என்று சொல்லவில்லை. அவள் வரப்பில் நடந்து வருவதை நினைத்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கலீலுல்லா கடை வாசலில் நின்று யோசித்தார். தன் வாழ்க்கையில் இத்தனை நாளாகப் பார்த்ததை எல்லாம் கூட்டிப் பார்த்தார். பாலத்தை யாரும் நம்பவில்லை. சாலையை நம்பவில்லை. தன்னை நம்பவில்லை. எல்லோரும் பலகையை நம்பினார்கள். அவர் ஆரஞ்சு மேல்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்தார். அரிகரன் சிவப்பைக் காட்டிவிட்டுப் பச்சையைக் காட்டினார்.

“டீ இல்லாம எங்க பாய்?”

“முக்கூட்டு வரைக்கும். கொஞ்சம் போர்டு வேல.”

அரிகரன் மேற்கொண்டு கேட்கவில்லை. மேல்சட்டை போட்டவரை என்ன கேட்பது?

முக்கூட்டில் ‘சாலை மூடப்பட்டுள்ளது’ பலகையும் அம்புக்குறி போட்ட ‘மாற்றுப்பாதை’ப் பலகையும் நின்றன. இரும்புக் கால் வைத்த பலகைகள். கலீலுல்லா மூச்சு வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாக இழுத்து ஏரிக்கரைச் சாலையின் வாயில் வைத்தார். அம்புக்குறியைத் தன் கடைப் பக்கம் திருப்பினார். சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

“இன்னா, இப்ப ஏரிக்கர வழிய மூடிட்டாங்களா?”

ஜும்ஆ நாளில் பொய் சொல்ல அவருக்கு விருப்பமில்லை. “அப்படித்தான் போர்டு போட்டிருக்கு,” என்றார்.

“இவங்களுக்கு வேற வேல இல்ல,” என்று திட்டிக்கொண்டே அந்த ஆள் அம்புக்குறி காட்டிய பக்கம் திரும்பிப் போனார். கலீலுல்லா அம்புக்குறியை இன்னொரு முறை நேராக்கினார். திட்டுகிற சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று தோன்றியது.

தொழுகைக்குப் போய்வந்து, சட்டைக்குமேல் அந்த மேல்சட்டையோடு உட்கார்ந்தார். பஸ் வரும் நேரம் வந்தது. முதலில் ஹாரன்தான் கேட்டது. மணிலாக் கொல்லைக்கு அப்பால் தூசி எழும்பியது. அரிகரன் திரும்பிப் பார்த்தார். நம்பாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு விறைத்து நின்று சிவப்புக் கொடியைத் தன்னால் முடிந்த உயரத்துக்குத் தூக்கினார். பஸ் கிறீச்சென்று பிரேக் போட்டு நின்றது.

அரிகரன் அவசரப்படவில்லை. இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். படம் எடுத்தார். டிரைவர் தலையை வெளியே நீட்டி, “யோவ், இன்னாய்யா பண்ற?” என்று கத்தினார். அரிகரனின் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. பச்சை ஏறியது. பஸ் புதிய பாலத்தில் ஏறி, பாலம் பாலமாகவே இருந்து, இறங்கி வந்து கடை முன்னால் நின்றது.

ஃபைஜா இறங்கினாள். தலையில் முக்காட்டுக்கு மேல் புருஷனின் பைக் ஹெல்மெட். உடம்பில் அவன் வேலை செய்யும் கம்பெனியின் ஆரஞ்சு மேல்சட்டை. கையில் தூக்குச் சட்டி. பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். நாடாவைத் தாண்டி உள்ளே வருவதற்கு அவள் செய்திருந்த ஏற்பாடு அதுதான்.

“இப்ப உள்ள வரலாமா அத்தா?” என்றாள்.

கலீலுல்லா நாடாவைத் தூக்கிப் பிடித்தார். ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அன்று அவர் சட்டியைக் காலி செய்தார்.

தமிழ்க்குமரன் திங்கட்கிழமைதான் வந்தார். அரிகரன் அனுப்பிய படங்களில் ஆடு, நாய், கலீலுல்லா தவிர ஒரு பஸ் இருந்ததை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. கலீலுல்லா ஓடிப்போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

“சார், நான்தான் சார் போர்ட எடுத்து அங்க வச்சேன். தப்புதான்.”

தமிழ்க்குமரன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “பாய், ஒரு போர்ட நகர்த்தறதுன்னா இன்னான்னு தெரியுமா? கொம்யூன் பஞ்சாயத்து அனுமதி, போலீஸ் அனுமதி, எங்க பிரிவு, மேலிடம். நானே நெனச்சாலும் முடியாது. நீங்க டீ போடுறவரு. உங்களால எப்படி முடியும்?”

“இழுத்தா வந்துட்டுது சார்.”

“வராது,” என்றார் தமிழ்க்குமரன் திட்டவட்டமாக. “ஏரிக்கரையில மூடல் பலகை நிக்குதுன்னா அங்க ஏதோ பணி சாங்ஷன் ஆகியிருக்கு. எனக்கு இன்னும் தகவல் வரல, அவ்வளவுதான். பலகை நிக்குது. இதுக்குமேல இன்னா ஆதாரம் வேணும்?”

ஏரிக்கரைச் சாலையில் வேலை நடப்பதாக அன்றே பதிவாயிற்று. இந்தச் சாலை மாற்றுப்பாதையாகிவிட்டதால் இதில் வேலை முடிந்ததா என்கிற கேள்வியே எழவில்லை. கடையைச் சுற்றியிருந்த நாடாவை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். பஸ் தினமும் வந்தது. ஆனால் ஏரிக்கரையில் நின்ற நாட்களில் ஜனங்கள் இந்தக் கடையில் டீ குடிக்கிற பழக்கத்தையே விட்டுவிட்டார்கள். இங்கே பஸ் நின்றால் ஓரிருவர் இறங்கி வேகமாகப் போய்விடுவார்கள். பெஞ்சில் உட்கார்ந்து யாரையும் திட்ட ஆளில்லை. வெள்ளிக்கிழமை ஃபைஜா வந்தாள், ஹெல்மெட் இல்லாமல். அந்த நாள் நிறைந்திருந்தது.

மற்ற நாளுக்கு அரிகரன் இருக்கிறார் என்று கலீலுல்லா நினைத்திருந்தார். பலகை எங்கே போகிறதோ கொடிக்காரரும் அங்கே போக வேண்டும் என்பது கையேடு. ஒருநாள் காலை அவர் டீயோடு கடை வாசலில் நின்று கொடிக்காகக் காத்திருந்தார். சிவப்பும் ஏறவில்லை, பச்சையும் ஏறவில்லை. பாலத்தின் அந்தக் கோடியில் யாரும் இல்லை. யாரும் நிறுத்தவில்லை, ஆனாலும் அவரால் பாலத்தில் கால் வைக்க முடியவில்லை.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு, ஒரு பெரிய கிளாஸில் டீயை ஊற்றி மேலே தட்டு மூடி, மகள் நடந்த அதே வரப்பில் ஏரிக்கரைக்கு நடந்தார். தூரத்திலேயே அரிகரன் தெரிந்தார். ஏரித் தண்ணீருக்கும் வெறும் சாலைக்கும் நடுவில் தனியாக நின்றுகொண்டிருந்தார். கலீலுல்லாவைப் பார்த்ததும் சிவப்பு ஏறியது. கலீலுல்லாவுக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. அப்படியே நின்றார்.

சிவப்பு இறங்கவில்லை.

“இன்னா அரிகரன், பச்சய காட்டு!”

“பச்ச இல்ல பாய்!” என்று அரிகரன் கத்தினார். “மாத்தும்போது சிவப்ப மட்டும்தான் குடுத்தாங்க. பச்ச அந்த ரோட்டுக் கணக்குல இருக்காம். ஃபைல் போயிருக்கு!”

“எப்ப வரும்?”

“தெரியல பாய்! டீ ஆறிடும். நீங்களே குடிச்சிட்டு வூட்டுக்குப் போங்க!”

கலீலுல்லா திரும்பிப் பார்த்தார். வரப்புக்கு அந்தக் கோடியில் அவர் கடையின் தகரம் வெயிலில் மின்னியது. உள்ளே யாரும் இல்லை.

“ஆறட்டும்பா. நான் நிக்கிறேன்,” என்றார்.

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றார். இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அரிகரன், நடுவில் சிவப்பு. பொழுது சாய்கிற வரைக்கும் இரண்டு பேரும் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள்.